அணி அறிவோம்: சொன்னதும் சொல்ல வந்ததும்



எமது தமிழ் வகுப்பின் மேற்பிரிவு மாணவர்களை மனதிற்கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது. பெற்றோரும் பேரன் பேத்தியைக் கண்ட பெரியவர்களும் உடனிருந்து வாசித்தால் நன்று. ஏனெனில் இங்கு வரும் எடுத்துக்காட்டுகளில் ஒரு பாதிதான் ஏட்டில் உள்ளது. மறுபாதி உங்கள் வீட்டுக் குசினியிலும் தொலைபேசியிலும் அலுமாரியில் கட்டி வைத்திருக்கும் பழைய கடிதங்களிலும் உள்ளது.

அணி இலக்கணம் என்றால் பரீட்சைக்கு மனனம் செய்யும் ஒரு பட்டியல் என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். "ஒன்றை நேராகச் சொன்னால் என்ன? ஏன் சுற்றிச் சொல்ல வேண்டும்?" என்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு நாம் தரும் விடை இதுதான். அணி என்பது நகை மாத்திரமன்று. நேரே சொல்ல முடியாததையும், சொல்லக் கூசுவதையும், சொல்ல அஞ்சுவதையும் மனிதர் அணியினால் சொல்லிவிடுகிறார்கள். அணியை அறியாதவர் சொன்னதைக் கேட்பார். சொல்ல வந்ததைத் தவற விடுவார். அந்நிய நாட்டில் இரு மொழிகளுக்கு நடுவே வாழும் எமக்கு அந்தத் தவறு சில வேளைகளில் பெரிய இழப்பாகவும் முடிகிறது. அதனை இப்பாடத்தின் பிற்பகுதியில் விளக்குவோம்.

1. உவமை

தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றை விளக்குவது உவமை. "பிள்ளை மான் போல ஓடினாள்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் நான்கு உறுப்புகள் உண்டு. பிள்ளை என்பது பொருள், அதாவது உவமேயம். மான் என்பது உவமை. போல என்பது உவம உருபு. ஓட்டம் என்பது இரண்டுக்கும் பொதுவான தன்மை. போல, ஒப்ப, அன்ன, நிகர, மான, புரைய என உவம உருபுகள் பல உள்ளன. எமது பேச்சு வழக்கில் "மாதிரி" என்ற ஒரு சொல்லே இவை எல்லாவற்றின் வேலையையும் செய்கிறது.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் ஏழாவது இயலை உவமைக்கென்றே ஒதுக்கினார். உவமவியல் என்பது அதன் பெயர். எவ்வகையில் ஒப்புமை அமையலாம் என்பதை அவர் நான்காக வகுத்தார்:

வினை: புலி போலப் பாய்ந்தான். (செயல் ஒத்தது)
பயன்: மழை போன்ற கை. (கிடைக்கும் நன்மை ஒத்தது)
மெய்: துடி போன்ற இடை. (வடிவம் ஒத்தது)
உரு: பவளம் போன்ற வாய். (நிறம் ஒத்தது)

மாணவர்கள் ஓர் உவமையைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த நான்கில் எது ஒத்திருக்கிறது?" என்பதே. "மழை போன்ற கை" என்றதும் கை நனைந்திருக்கிறது என்று எண்ணுபவர் பயனை விட்டு மெய்யைப் பிடித்துக்கொண்டவர். உவமையைப் பிழையாக விளங்குபவர் பெரும்பாலும் இப்படித்தான் தவறுகிறார்.

இந்தப் பொருளதிகாரத்தை 1885 ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து அச்சிட்ட அவரைப் போன்றோரின் உழைப்பினாலேயே இன்று நாம் உவமவியலைப் புத்தகமாகக் கையில் வைத்து வாசிக்கிறோம்.

2. பெயர் போயும் நின்ற உவமைகள்

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. ஏடுகளைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? அப்புலவர் பாடிய பாட்டில் எந்த உவமை அல்லது எந்தத் தொடர் மனதைத் தொட்டதோ அதையே அவருக்குப் பெயராக இட்டார்கள். குறுந்தொகையில் இத்தகைய பெயர்கள் பல உள்ளன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

செம்புலப்பெயனீரார் என்பவர் ஒருவர். செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணின் நிறத்தோடு ஒன்றாகிப் பின் பிரிக்க முடியாதபடி ஆகிவிடுவதை, முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் கலந்ததற்கு உவமையாக்கினார். ஊரெழு, கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் முதல் மழை கண்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஓரேருழவனார் என்பவர் இன்னொருவர். நிலம் ஈரமாகக் கிடக்கிறது; காய்வதற்குள் உழுதாக வேண்டும்; உழவனிடம் இருப்பதோ ஓர் ஏர் மட்டுமே. அவன் மனம் எப்படிப் பதைக்குமோ, அப்படிப் பதைக்கிறது வேலை முடிந்து வீடு திரும்ப விரையும் தலைவனின் மனம். இங்கு ஒத்திருப்பது வடிவமுமன்று, நிறமுமன்று, நெஞ்சின் விரைவு.

மூன்றாமவர் அணிலாடு முன்றிலார். முன்றில் என்பது வீட்டின் முற்றம். தலைவன் அருகில் இருக்கும்போது தான் திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்ந்திருப்பதாகத் தலைவி சொல்கிறாள். அவன் பிரிந்தபோதோ? மனிதர் விட்டுப் போய்விட்ட சிற்றூரில், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறதே, அந்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவதாகச் சொல்கிறாள்.

இந்த உவமையை நின்று பார்க்க வேண்டும். புலவர் வீட்டை இடித்துக் காட்டவில்லை, கூரையைக் கொளுத்தவில்லை. ஓர் அணிலை மட்டும் முற்றத்தில் விட்டார். அணில் அச்சமின்றி ஓடியாடுகிறது என்றால் அங்கே கூட்டுவதற்குத் தும்புத்தடி எடுக்கும் ஆளில்லை, துரத்துவதற்குப் பிள்ளைகள் இல்லை, நெல் காயவிட்டுக் காவலிருக்கும் கிழவி இல்லை. இல்லாதவர்கள் அத்தனை பேரையும் இருக்கின்ற ஒரு சிறு உயிர் காட்டிவிடுகிறது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் எமது வாசகர்களாக உள்ளனர். மாதங்கள் கழித்து, சிலர் ஆண்டுகள் கழித்து, திரும்பிச் சென்று படலையைத் திறந்தபோது கண்ட முற்றத்தை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் தொலைந்த ஒருவர் பாடியதை அவர்கள் ஒரு சொல்லும் மாறாமல் விளங்கிக்கொள்வார்கள். "வீடு வெறுமையாக இருந்தது" என்று நேரே சொல்லலாம். கேட்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். அணிலைச் சொன்னால் வெறுமையே போய்ச் சேரும். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இது முதலாவது விடை.

3. உருவகம்

உவமையில் "போல" என்ற பாலம் உண்டு. உருவகத்தில் பாலத்தை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம். தமிழில் சொற்களின் வரிசை மாறினாலே இது நிகழ்ந்துவிடும். மலரடி என்றால் மலர் போன்ற அடி, உவமைத்தொகை. அடிமலர் என்றால் அடியாகிய மலர், உருவகம். தேன்தமிழ் உவமை, தமிழ்த்தேன் உருவகம். மதிமுகம் உவமை, முகமதி உருவகம். உவமை முன்னே வந்தால் உவமை. பொருள் முன்னே வந்தால் உருவகம் என்று நினைவில் வைத்தால் பரீட்சையிலும் தவறாது.

எமது தொழில் கணக்கு. ஆதலால் உருவகத்தைப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பதிவு முறையாகவே விளக்குவது வழக்கம். இடப்பக்கம் ஒரு பதிவு இருந்தால் வலப்பக்கம் அதற்கு ஈடான பதிவு இருக்க வேண்டும். அப்பர் சுவாமிகள் ஒரு தேவாரத்தில் விளக்கேற்றும் காட்சியை உருவகமாக்கியுள்ளார். அதனைப் பேரேட்டில் இட்டால் இப்படி வரும்:

வீடு: உடம்பு
தகளி (அகல்): உள்ளம்
நெய்: உணர்வு
திரி: உயிர்
தீ: ஞானம்

ஐந்துக்கு ஐந்து சமன். ஒன்றும் விடுபடவில்லை. வைணவ அடியார்களான முதலாழ்வார்களும் இதே விளக்கை ஏற்றினார்கள். பூதத்தாழ்வாருக்குத் தகளி அன்பு, நெய் ஆர்வம், திரி இன்பத்தால் உருகும் சிந்தை. பொய்கையாழ்வாருக்கோ உலகமே தகளி, கடலே நெய், சூரியனே விளக்கு. பொய்கையாரின் கணக்கில் திரிக்கு ஈடான பதிவு இல்லை என்பதைக் கூரிய மாணவர் கவனிப்பர். ஒரே குத்துவிளக்கை ஒருவர் உடம்புக்குள் ஏற்றினார், ஒருவர் அன்பில் ஏற்றினார், ஒருவர் உலகளவு பெரிதாக்கி ஏற்றினார். பொருள் ஒன்றே, பார்த்த உள்ளங்கள் மூன்று.

சில இடங்களில் புலவர் ஒரு பக்கத்தை மட்டும் உருவகித்து மறுபக்கத்தைப் படிப்பவரிடம் விட்டுவிடுவார். அதற்கு ஏகதேச உருவக அணி என்று பெயர். திருக்குறளில் கடவுள் வாழ்த்தின் பத்தாவது குறள் இதற்குப் பெயர் போனது. வள்ளுவர் பிறவியைக் கடலாக்கினார். கடலைக் கடக்கத் தெப்பம் வேண்டுமல்லவா? இறைவனின் அடிதான் அந்தத் தெப்பம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பதிவை நாமே இட்டுக் கணக்கைச் சமப்படுத்த வேண்டும்.

உருவகம் பாட்டில் மட்டும்தான் உண்டு என்று எண்ண வேண்டாம். கணக்கியலில் காசுப்பாய்ச்சல் என்கிறோம். காசு எங்கே பாய்கிறது? பாய்வது வாய்க்கால் தண்ணீர். கணக்கு முடக்கப்பட்டது, கடனில் மூழ்கினார், விலை ஏறியது, சந்தை விழுந்தது: எல்லாம் உருவகங்கள். தொடர்ந்து பாவித்துப் பழகியதால் அவை உருவகம் என்பதையே மறந்துவிட்டோம்.

4. கொடி ஒன்று, சொன்னது இரண்டு

இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. இதற்கு இரண்டு காவியங்களை அருகருகே வைத்துக் காட்டுவது எமது ஆசிரியர் மரபு.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. வர வேண்டாம் என்று அவை கைகாட்டித் தடுப்பன போல் இருந்தனவாம். கம்பராமாயணத்தில் இராமன் மிதிலையை நெருங்குகிறான். அங்கும் கொடிகள் காற்றில் அசைகின்றன. திருமகள் இங்கே இருக்கிறாள், விரைந்து வா என்று அவை கைநீட்டி அழைப்பன போல் இருந்தனவாம்.

துணி ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். ஒரு நகரில் கொலை காத்திருக்கிறது; மற்ற நகரில் கல்யாணம் காத்திருக்கிறது. கதையின் முடிவு தெரிந்த புலவரின் நெஞ்சே கொடியில் ஏறி அசைகிறது. இந்நாட்டில் மாரி காலத்தில் இலை உதிர்ந்த மரத்தைப் பார்த்து, புதிதாய் வந்த ஒருவர் "மரமெல்லாம் செத்துப்போய் நிக்குது" என்பார். இங்கே பிறந்த பிள்ளை "மரம் நித்திரை கொள்ளுது" என்று சொல்லும். இரண்டும் தற்குறிப்பேற்றமே. மரத்தைப் பற்றி அவை அதிகம் சொல்லவில்லை. சொன்னவரைப் பற்றிச் சொல்கின்றன.

5. சொல்லாமல் சொல்வது

ஒன்றைச் சொல்ல வந்தவர் அதைச் சொல்லாமல் வேறொன்றை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது பிறிது மொழிதல் அணி. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிப் பேசுகிறார். இறகு மெல்லியதே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். வண்டிக்காரனுக்கு அறிவுரை கூறுவது அவர் நோக்கமன்று. சிறிய பகைவர்தாமே என்று எண்ணிப் பலரையும் ஒருங்கே எதிர்க்கும் அரசனுக்குச் சொன்னது அது. அரசன் என்ற சொல்லே குறளில் இல்லை.

12 ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தை விளக்குகிறது. அந்நூல் இவ்வணியை ஒட்டு என்கிறது. இதற்கு நுவலா நுவற்சி என்றொரு பெயரும் உண்டு. நுவலுதல் என்றால் சொல்லுதல். சொல்லாத சொல் என்பது பொருள். இந்தப் பெயரின் அழகை எண்ணி எண்ணி மகிழலாம்.

எமது மக்கள் இவ்வணியைப் பாடசாலையில் மட்டும் படிக்கவில்லை. போர்க்காலத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துப் பாருங்கள். கடிதம் யார் கையில் திறக்கப்படும் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே, "இங்கு சில நாட்களாக மழை கடுமை, நாங்கள் பெரியம்மா வீட்டில் நிற்கிறோம்" என்று எழுதுவார்கள். திகதியைப் பார்த்தால் ஆடி மாதமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆடி மாதத்தில் கடும் மழை ஏது? ஊரை அறிந்தவருக்கு அந்த மழை எறிகணை என்பது வாசித்த கணமே விளங்கும். "தம்பிக்குச் சுகமில்லை, பெரியாஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள்" என்றால் நோய் பற்றிய செய்தி அன்று. மறித்தவர் யார் என்பதை வாங்கியவர் அறிவார்.

அந்தக் கடிதங்கள் இன்று பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. நாளை எமது பேரப்பிள்ளைகள் அவற்றை எடுத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருக்கலாம். ஆனால் நுவலா நுவற்சி தெரியாவிட்டால், அம்மம்மாவின் ஊரில் அந்த ஆடியில் நல்ல மழை பெய்தது என்றே குறித்துக்கொள்வார்கள். ஒரு குடும்பத்தின் வரலாறு அதே தாளில், அதே மையில் இருந்தும் அழிந்துவிடும். ஆகையால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அக்கடிதங்களைப் பிள்ளைகளோடு இருந்து வாசித்து, மழை என்பது எது, சுகமில்லை என்பது எது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.

6. வீட்டுப் பேச்சில் உள்ளவை

ஆகுபெயர்: ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. "ஊர் சிரிக்கும்" என்றால் ஊரவர் சிரிப்பர்; இது இடவாகுபெயர். "வெற்றிலை நட்டார்" என்றால் நட்டது கொடி; இலை என்ற உறுப்பின் பெயர் முழுக் கொடிக்கும் ஆயிற்று; இது சினையாகுபெயர்.

மங்கலம்: அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது. நன்னூல் இதனைத் தகுதி வழக்குகளில் ஒன்றாக வைக்கிறது. மரண அறிவித்தல்களில் காலமானார், சிவபதமடைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று எழுதுகிறோம். இவற்றுள் எதிலும் சாவு என்ற சொல் இல்லை. வீட்டை விட்டுப் புறப்படுபவர் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றே சொல்ல வேண்டும் என்று எம்மை வளர்த்தார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு, சுவாமிப் படத்துக்கும் "போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். பலர் திரும்பிப் போகவில்லை. எனினும் அந்தச் சொல் பொய்யன்று. அது நடக்கப் போவதைச் சொல்லும் சொல் அல்ல, நடக்க வேண்டும் என்று விரும்புவதைச் சொல்லும் சொல்.

உயர்வு நவிற்சி: உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது. தண்டியலங்காரம் இதனை அதிசயம் என்கிறது. "ஆயிரம் தரம் சொல்லிப்போட்டன்", "பசியிலை உயிர் போகுது", "ஊரிலை ஒரு காக்கா குருவி இல்லை" என்பன நாள்தோறும் கேட்பவை. சொல்பவரும் பொய் சொல்லவில்லை, கேட்பவரும் ஏமாறவில்லை. இருவருக்கும் அளவு தெரியும். ஆனால் கேட்பவர் வேறு மொழிக்காரராக இருந்தால்?

7. அணி அறியாதவர் முன்னிலையில்

நாம் துணைக்குச் சென்றிருந்த ஓர் அகதி விசாரணையில் நிகழ்ந்ததைச் சொல்வோம். தாயார் ஒருவர் தமது ஊரின் நிலையை விவரிக்கையில், "ஊரிலை ஒரு காக்கா குருவி இல்லை, எல்லாரும் ஓடிட்டினம்" என்றார். ஊரில் எவரும் இருக்கவில்லை என்று அது மொழிபெயர்க்கப்பட்டது. சற்று நேரத்தின் பின், நடக்க முடியாத தமது மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டி வந்ததைச் சொன்னார். விசாரணை செய்தவர் குறிப்பைப் புரட்டினார். "எவரும் இருக்கவில்லை என்றீர்கள். இப்போது மாமியார் இருந்தார் என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார்.

தாயார் வாயடைத்துப் போனார். தான் பொய் சொன்னதாக ஒருவர் கருதுகிறார் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. எங்கே பிசகியது என்பது விளங்கவில்லை. வழக்கறிஞர் இடையிட்டு, அம்மா தமிழில் சொன்ன சொற்களை அப்படியே ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கும்படி கேட்டார். காகமும் குருவியும் ஆங்கிலத்தில் வந்த பின்னரே, இது ஒரு பேச்சு வழக்கு என்பது பதிவாயிற்று.

கேள்வி கேட்டவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. ஐந்தொகை சமப்படாவிட்டால் கணக்காளர் கேள்வி கேட்பார். அவரும் அதையே செய்தார். அவர் முன் வைக்கப்பட்ட பதிவில் அணி இல்லை. சொல் மட்டுமே இருந்தது. ஆதலால் விண்ணப்பப் படிவத்திலும் விசாரணையிலும் பேச நேர்ந்தால், உயர்வு நவிற்சியை வாசலிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். எத்தனை பேர், எந்தத் திகதி, எவ்வளவு தூரம் என்பவற்றை அறிந்த அளவில் மட்டும் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் நிலைமை வேறு. அங்கே மொழிபெயர்ப்பவர் பல வீடுகளில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையே. அம்மம்மா, "நெஞ்சுக்கை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்கிறார். அது மகனைப் பற்றிய கவலையாக இருக்கலாம். மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டையும் எம்மவர் இதே சொற்களால்தான் சொல்வார்கள். "அம்மம்மா கவலையாக இருக்கிறா" என்று பிள்ளை தானே தீர்மானித்துச் சொல்லிவிட்டால் ஓர் உயிர் போகக்கூடும். "நெஞ்சில் பாரம்" என்று மட்டும் சொன்னால், பரிசோதனைகள் எல்லாம் செய்து முடித்த பின்னும் கவலை பேசப்படாமலே இருந்துவிடக்கூடும்.

எனவே மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு மூன்று விதிகள்:

(அ) சொன்ன சொற்களை முதலில் அப்படியே சொல்லுங்கள். கல் என்றால் கல்.
(ஆ) "இது தமிழில் ஒரு பேச்சு வழக்கு; இப்படியும் அப்படியும் பொருள்படும்" என்று அடுத்துச் சொல்லுங்கள்.
(இ) "அம்மம்மா, உண்மையாய் நோகுதோ, அல்லது மனம்தான் பாரமோ?" என்று கேட்டு, அவர் தரும் விடையையும் சொல்லுங்கள். நீங்களாகத் தீர்ப்புக் கூற வேண்டாம்.

வைத்தியசாலையில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறக்கூடிய இடங்களில் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். பிள்ளையின் தோளில் அந்தப் பாரத்தை வைப்பது நன்றன்று.

மறுபுறமும் உண்டு. ஆங்கிலத்தில், மேடை ஏறப் போகும் கலைஞரை வாழ்த்துபவர் "காலை முறித்துக்கொள்" என்பார். அரங்கேற்றத்துக்கு நிற்கும் மகளைப் பார்த்துப் பாடசாலை ஆசிரியை இப்படிச் சொன்னால் தாயின் நெஞ்சம் பதறாதா? அதுவும் அவர்களின் மங்கல வழக்குப் போன்ற ஒன்றே. நேரே வாழ்த்தினால் தீங்கு வரும் என்ற மேடைக்காரரின் நம்பிக்கையில் எழுந்தது என்பர். எமது கண்ணூறு நம்பிக்கையை அறிந்த எவருக்கும் இது விளங்கும். இரு மொழியிலும் சொன்னதை விட்டுச் சொல்ல வந்ததைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை, வீட்டுக்கும் வெளிக்கும் இடையில் நல்ல பாலமாக நிற்கும்.

8. பயிற்சி

பின்வருவனவற்றில் உள்ள அணி அல்லது வழக்கு யாது? சொன்னது எது, சொல்ல வந்தது எது என இரு நிரல்களில் எழுதுக.

1. பஸ் வண்டி பனியில் ஆமை போல ஊர்ந்தது.
2. பனி நகரத்தின்மேல் வெள்ளைப் போர்வையை விரித்தது.
3. தேர்த் திருவிழாவுக்கு நகரமே திரண்டு வந்தது. (இரண்டு விடைகள் உண்டு)
4. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.
5. விமான நிலைய வாசலில் நின்ற மரங்கள் அப்பம்மாவை வழியனுப்பிக் கையசைத்தன.
6. கடன் கேட்டேன், கையை விரித்துவிட்டார்.
7. நாம் விளக்கிய மூன்று விளக்குகளையும் ஒரு பேரேடாக வரைந்து, எந்தப் பதிவு எங்கே விடுபட்டுள்ளது எனக் காட்டுக.
8. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், ஊரில் மட்டும் வழங்கிய ஓர் உவமையைக் கேட்டு எழுதுக. அதில் ஒத்திருப்பது வினையா, பயனா, மெய்யா, உருவா?

விடைகளை வீட்டிலுள்ள பெரியவர்களோடு இருந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டாவது வினாவின் விடைகளை வகுப்பு ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தால், அவற்றை ஒன்றாகத் தொகுத்து வைக்கலாம். சொல்லியவர் பெயரைப் பிள்ளைகள் குறிக்க மறந்தாலும் குறையில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் செய்தது போல, அந்த உவமையையே அவருக்குப் பெயராக இட்டுக்கொள்வோம்.